கின்டர் மேட்டைக் குறுக்கே வெட்டிப் போகலாமா? நேரக் கணக்கும் வழித்திட்டமும்

கேள்வி இதுதான்: யாழ்ப்பாணத்திலிருந்து செப்ரெம்பர் நடுப்பகுதியில் இங்கிலாந்து போகிறீர்கள். லண்டனில் இருக்கும் சித்தப்பாவின் பிள்ளைகள் மூவரோடு பெனைன் வே நெடும்பாதையின் முதல் மூன்று நாள் பகுதியை நடக்கத் திட்டம். முதல் நாள் ஈடேல் கிராமத்திலிருந்து குரௌடன் வரை 26 கிலோமீற்றர் அளவில். வரைபடத்தில் பாதை மேற்கே வளைந்து கின்டர் ஸ்கவுட் மேட்டின் ஓரத்தால் சுற்றிப் போகிறது. நடுவால் வெட்டினால் நேரம் மிச்சமாகுமா, அதை எப்படித் திட்டமிடுவது?

வெட்டலாம். சட்டம் தடுக்காது. வானம் தெளிவாக இருந்து, வரைபடமும் திசைகாட்டியும் கையாளத் தெரிந்த ஒருவராவது கூட வந்தால் பெரிய ஆபத்தும் இல்லை. ஆனால் நேரம் மிச்சமாகாது, கூடத்தான் செய்யும். அந்த மேட்டின் நடுப்பகுதியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்காகப் போவதென்றால் போங்கள், அது பார்க்க வேண்டிய நிலம்தான். குரௌடனுக்குக் கெதியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக என்றால் வேண்டாம்.

முதலில் கணக்கு. பாதை ஈடேலிலிருந்து அப்பர் பூத் என்ற சிறு குடியிருப்புக்குப் போய், ஜேக்கப்ஸ் லாடர் என்ற கற்படி ஏற்றத்தால் மேலேறி, 633 மீற்றர் உயரமுள்ள கின்டர் லோவைக் கடந்து, மேட்டின் மேற்கு விளிம்போடு வடக்கே நடந்து கின்டர் டவுன்ஃபோல் அருவியை அடைகிறது. இவ்வளவும் 8.5 கிலோமீற்றர் அளவில் வரும். குறுக்குவழி என்றால் ஈடேலிலிருந்து கிரின்ட்ஸ்புரூக் பள்ளத்தாக்கால் ஏறி, தெற்கு விளிம்போடு குரௌடன் டவர் என்ற பாறைத் திரள் வரை வந்து, அங்கிருந்து மேட்டின் நடுவால் வடக்கே வெட்டி, கின்டர் கேற்ஸ் என்ற இரட்டைப் பாறைக்குப் பக்கத்தில் கின்டர் ஆற்றைப் பிடித்து, ஆற்றோடு அருவிக்கு இறங்குவது. இது 7 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைய. 1965இல் பெனைன் வே திறக்கப்பட்டபோது பாதை இந்த மேட்டின் நடுவால்தான் போனது. நடந்த கால்களாலேயே நிலம் கிழிந்து போனதால்தான் பிறகு ஜேக்கப்ஸ் லாடர் பக்கம் மாற்றினார்கள்.

நேரத்துக்கு மலை நடையாளர்கள் இன்றும் பிடிக்கும் கணக்கு, ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்தது: சமநிலத்தில் மணிக்கு 5 கிலோமீற்றர், ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் மேலதிகமாக 10 நிமிடம். பை சுமந்து, நாலு பேர் சேர்ந்து போகையில் 4 கிலோமீற்றர் என்று வையுங்கள். ஈடேலிலிருந்து மேட்டுக்கு ஏற்றம் இரு வழியிலும் ஏறக்குறைய 390 மீற்றர், ஆகவே 39 நிமிடம் இரண்டுக்கும் பொது. பாதையால் போனால் 8.5 கிலோமீற்றருக்கு 128 நிமிடம், ஏற்றத்தோடு 2 மணி 47 நிமிடம். குறுக்கால் போனால், கிரின்ட்ஸ்புரூக்கின் மேற்பகுதி பெருங்கற்களில் கைவைத்து ஏறும் இடம் என்பதால் 3.2 கிலோமீற்றருக்கு 64 நிமிடம். விளிம்புப் பாதை 1.2 கிலோமீற்றருக்கு 18, நடுமேடு 1.7 கிலோமீற்றருக்கு 60. ஆற்றுப் படுக்கை 0.7 கிலோமீற்றருக்கு 17. ஏற்றத்தோடு 3 மணி 18 நிமிடம். தூரம் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் குறைகிறது, நேரம் அரை மணி கூடுகிறது. இந்தத் தூரங்களை உங்கள் வரைபடத்தில் நூல் வைத்து ஒருக்கால் அளந்து சரிபாருங்கள். 1:25,000 அளவில் 4 சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர்.

நடுமேட்டில் ஏன் மணிக்கு 1.7 கிலோமீற்றர்தான் என்று கேட்பீர்கள். நிலம் அப்படி. கின்டரின் மேல்மூடி பீற், அதாவது குளிரிலும் ஈரத்திலும் முழுதாக உக்காமல் படிந்த தாவர எச்சம். ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் சேரும், ஆகவே இரண்டு மீற்றர் தடிப்புக்கு இரண்டாயிரம் ஆண்டு. மழைநீர் அதை அறுத்து அறுத்து, ஆளுயரத்துக்கும் மேலான வாய்க்கால்களை உண்டாக்கியிருக்கிறது. அங்கே அவற்றைக் கிரஃப் என்பார்கள். ஒன்றைக் கடப்பதென்றால் வழுக்கும் கரையால் இறங்கி, அடியில் சேறோ மணலோ மிதித்து, எதிர்க்கரையில் பிடிமானம் தேடி ஏற வேண்டும். மேலேறி இருபது அடி நடந்தால் அடுத்தது. இவை வரைபடத்தில் சரிவரத் தெரியாது. இரண்டு, மூன்று மீற்றர் வெட்டு சமவுயரக் கோடுகளின் இடைவெளிக்குள் மறைந்துவிடும். தாளில் வெறுமையாக, தட்டையாக, அழைப்பதுபோல் கிடக்கும் பகுதிதான் நிலத்தில் ஆகக் கடினமானது. மூர் என்ற மரமில்லாத திறந்த மேட்டுநிலத்தில் குறுக்குவழி போடும் எவரும் முதலில் மனதில் இருத்த வேண்டியது இது.

சட்டம் பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும், நம் நாட்டுப் பழக்கத்தோடு போனால் குழப்பம் வரும். ஹோர்ட்டன் சமவெளியில் பாதையை விட்டு விலக அனுமதி இல்லை. இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டின் நாட்டுப்புற, வழியுரிமைச் சட்டப்படி, திறந்த நிலம் என்று குறிக்கப்பட்ட மூர்களில் யாரும் பாதையை விட்டுக் கால்நடையாகப் போகலாம். இந்த உரிமைக்காக நடந்த போராட்டத்தில் பேர்பெற்றது 1932 ஏப்ரல் 24இல் இதே கின்டரில் நூற்றுக்கணக்கான தொழிலாளர் கூட்டமாக அத்துமீறி ஏறியது. ஓர்ட்னன்ஸ் சேர்வே எக்ஸ்புளோரர் வரைபடத்தில் திறந்த நிலத்துக்கு வெளிர்மஞ்சள் பூச்சும் செம்மஞ்சள் ஓரமும் இருக்கும். உங்களுக்கு வேண்டிய தாள் ஓஎல் 1, டார்க் பீக் பகுதி. மஞ்சளுக்கு வெளியே இருப்பது பண்ணை நிலம். அங்கே பச்சைப் புள்ளிக்கோட்டுப் பாதையை விட்டு ஓர் அடியும் விலகக்கூடாது. ஈடேலைச் சுற்றிய வயல்களில் மதில் ஏறிக் குதித்து வெட்டுவது உரிமையும் இல்லை, மரியாதையும் இல்லை. சாந்தில்லாமல் அடுக்கிய அந்தக் கல்மதில்களில் ஒரு கல் விழுந்தால் மற்றதும் சேர்ந்து சரியும். திறந்த நிலத்திலும் காட்டுத்தீ அபாயக் காலங்களில் தற்காலிகத் தடை வரும், போகுமுதல் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் கூடாரம் அடிப்பதும் தீ மூட்டுவதும் இந்த உரிமைக்குள் வராது.

இனித் திட்டம். குரௌடன் டவரிலிருந்து கின்டர் கேற்ஸுக்கு ஒரு நேர்கோடு கீறி, திசைக்கோணம் (வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணும் பாகை) எடுத்து, அந்தக் கோட்டிலேயே நடக்க முயல்வதுதான் புதியவர்கள் செய்வது. அந்தக் கோடு ஏறக்குறைய 340 பாகையில், வடக்குக்குச் சற்று மேற்கே வரும். அதில் நடந்தால் எதிர்ப்படும் ஒவ்வொரு கிரஃபையும் குறுக்காகக் கடப்பீர்கள். அதை விட்டு, கோட்டை மூன்று துண்டாக உடையுங்கள்: ஓடை, முதுகு, ஓடை.

முதல் துண்டு: குரௌடன் டவருக்குக் கிழக்குப் பக்கமாக இறங்கும் குரௌடன் புரூக் ஓடை மேட்டின் உள்ளிருந்து, வடக்கேயிருந்து வருகிறது. அதன் படுக்கையைப் பிடித்து மேல்நோக்கி நடவுங்கள். அடியில் மணலும் கல்லும் இருக்கும், வழி தவறாது, நிலமும் கெடாது. ஓடை மெலிந்து பல விரல்களாகப் பிரியும் இடத்தில் இரண்டாம் துண்டு தொடங்கும். அதுதான் நீர்பிரிமுதுகு, அரைக் கிலோமீற்றர் அளவில் பிடிமானம் ஒன்றும் இல்லாத பகுதி. திசைகாட்டி வேலை முழுக்க இங்கேதான். முதுகைத் தாண்டியதும் தண்ணீர் மறுபக்கம் ஓடத் தொடங்கும். அந்த நீரோடு இறங்கினால் கின்டர் ஆறு, அதுதான் மூன்றாம் துண்டு. 1.7 கிலோமீற்றர் குருட்டு நடை இப்படி அரைக் கிலோமீற்றராகச் சுருங்கிவிடும்.

இரண்டாம் துண்டில் கின்டர் கேற்ஸை நேரே குறிவைக்காதீர்கள். திசைக்கோணத்தில் ஒரு பாகை பிழைத்தால் ஒரு கிலோமீற்றரில் 17 மீற்றருக்கு மேல் விலகுவீர்கள். மேடுபள்ளத்தில் நாலு பாகைப் பிழை சாதாரணம். நேரே குறிவைத்து ஆற்றை அடைந்தால், பாறைகள் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாமல் நிற்பீர்கள். ஆகவே வேண்டுமென்றே எட்டு, பத்துப் பாகை கிழக்கே சாய்த்து நடவுங்கள். அப்போது ஆற்றை அடைந்ததும் சந்தேகமே இல்லாமல் இடப்பக்கம், நீரோட்டத்தோடு திரும்ப வேண்டியதுதான். அதற்குமேல் சாய்க்க வேண்டாம். கிழக்கே போகப் போக மேடு உயர்ந்து குரௌடன் ஹெட் பக்கம் இழுத்துவிடும்.

நீர் ஓடும் திசையை நம்புங்கள். கிரஃபின் அடியில் நிற்கும் தண்ணீரில் பீற்றின் ஒரு துணுக்கைப் போட்டு, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, அந்தத் திசையைத் திசைகாட்டியில் படியுங்கள். தெற்கே போனால் நீங்கள் இன்னும் ஈடேல் பக்கம்; அந்த நீர் போய்ச் சேருவது கிழக்கே வடகடலில். வடக்கும் மேற்குமாகப் போனால் முதுகைத் தாண்டிவிட்டீர்கள். அந்த நீர் டவுன்ஃபோலால் விழுந்து, மேர்சி ஆற்றோடு மேற்கே ஐரிஷ் கடலுக்குப் போகிறது. கிரஃப்கள் வளைந்து நெளிவதால் ஒரு வளைவில் பார்த்து முடிவெடுக்காதீர்கள், முப்பது நாற்பது மீற்றர் தள்ளி இன்னோர் இடத்திலும் பாருங்கள். புகார் மூடிய நேரத்தில் கைத்தொலைபேசியை விட இது பல தடவை கெதியாகப் பதில் சொல்லும்.

ஒரு பெயர்க் குழப்பம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கின்டர் மேட்டின் தெற்கில் இருக்கும் குரௌடன் டவரும் குரௌடன் புரூக்கும் வேறு, அன்றிரவு நீங்கள் தங்கப்போகும் குரௌடன் வேறு. பிந்தியது வடக்கே லோங்டென்டேல் பள்ளத்தாக்கில் இருக்கிறது. சந்திக்கும் இடத்தைக் காரில் வருபவருக்குச் சொல்லும்போது பெயரோடு விடாமல் வரைபடக் கட்ட எண்ணையும் கொடுங்கள். டவுன்ஃபோலின் பக்கத்துக்கு எஸ்கே 082 889 என்று வரும்; எஸ்கே என்பது வரைபடத்தின் பெருங்கட்டத்தைக் குறிக்கும் எழுத்து. முதல் மூன்று இலக்கம் கிழக்காக, அடுத்த மூன்றும் வடக்காக. மாற்றி வாசித்தால் வேறு ஊருக்குப் போய்விடுவீர்கள்.

நடக்கும் விதம். திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டாம். கோணத்தை வைத்து, அதே நேரில் ஐம்பது அல்லது நூறு மீற்றரில் தெரியும் ஒன்றைப் பிடியுங்கள்: வெளிறிய புல்மேடு, ஒரு கல். அங்கே போய்ச் சேர்ந்து மறுபடி பாருங்கள். பிடிக்க ஒன்றுமே இல்லையென்றால் ஒருவரை முன்னே அனுப்பி, குரல் கேட்கும் தூரத்தில் நிறுத்தி, இடம் வலம் நகர்த்திக் கோட்டில் கொண்டுவந்து, அவரிடம் போய்ச் சேருங்கள். தடையை ஒருமுறை இடப்பக்கமாகச் சுற்றினால் அடுத்ததை வலப்பக்கமாகச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் விலகல் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டே போகும். உங்கள் திசைக்கு ஒத்து ஓடும் கிரஃப் கிடைத்தால் அதன் அடியால் நடக்கலாம், ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கோணம் பார்க்க வேண்டும். வளைவு மெதுவாக வரும்போது உடம்புக்குத் தெரியாது. ஏறி வெளியே வருவதற்குச் செங்குத்துக் கரையோடு மல்லுக்கட்டாதீர்கள். பக்கத்தால் வந்து சேரும் சின்ன வெட்டு ஒன்று கொஞ்சத் தூரத்தில் கட்டாயம் இருக்கும், அதன் வழியே சாய்வாக ஏறலாம். மழைக்குப் பிறகு அந்தக் கரைகள் பிசைந்த ஒடியல்மாவைப் போலக் காலோடு சேர்ந்து வழுகும்.

தாவரத்தைப் பார்த்து நிலம் அறியலாம். கண்ணைக் குத்தும் வெளிர்பச்சைப் பாசி மெத்தை என்றால் அடியில் தண்ணீர், கால் வைக்காதீர்கள். வெள்ளைப் பஞ்சுக் குஞ்சம் தூக்கிய பஞ்சுப்புல் ஈரத்தின் அடையாளம், அதன் குத்துகளின் தலையில் மிதித்துப் போகலாம். ஹெதர் என்ற ஊதாப்பூப் புதர் நிற்கும் இடம் உறுதி, ஆனால் அடியில் குழி மறைந்திருக்கும், கணுக்கால் பிரளும். பில்பெரி என்ற சின்ன நெல்லிமணி போன்ற பழச்செடி நிற்கும் திட்டுகள் ஓரளவு காய்ந்தவை. வெறும் கறுப்புப் பீற் வெயில் காலத்தில் நடக்க நல்லது, இரண்டு நாள் மழைக்குப் பிறகு முழங்கால்வரை விழுங்கும். காலொன்று புதைந்தால் மற்றக் காலை ஊன்றித் திமிறாதீர்கள், அதுவும் போகும். பையைக் கழற்றி முன்னே போட்டு, ஊன்றுகோலைப் படுக்கையாக வைத்து, பின்பக்கமாகச் சாய்ந்து உடம்பின் பாரத்தைப் பரப்பி, குதியை அசைத்து அசைத்துக் காலைப் பின்னே இழுங்கள். சப்பாத்தின் நாடா தளர்ந்திருந்தால் கால் மட்டும் வரும், சப்பாத்து அங்கேயே நின்றுவிடும். மேட்டில் கால் வைக்குமுன் நாடாவை இறுக்கிக் கட்டுவது அதற்காகத்தான்.

கிரஃப்களில் கல்லாலும் மரத்தாலும் கட்டிய சின்ன அணைகளைக் காண்பீர்கள். பீற் கழுவுண்டு போகாமல் தடுத்து, தண்ணீரைத் தேக்கி, பாசியைத் திரும்ப வளர்ப்பதற்காகப் போட்டவை. அவற்றைப் படிக்கட்டாகப் பாவிக்க வேண்டாம். கின்டர் 2009 முதல் தேசிய இயற்கை ஒதுக்கிடம். ஒரு காலத்தில் நூறு மீற்றர் அகலத்துக்குக் கருஞ்சேறாகக் கிடந்த மூர்கள் இப்போதுதான் பச்சை பிடிக்கின்றன. ஓடைப் படுக்கையிலும் கல்லிலும் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். செடி மூடிய இடத்தில் ஒரே தடத்தில் நாலு பேரும் மிதிக்காமல் பரந்து போங்கள், அதில் புதுப்பாதை விழாது. எட்டுப் பத்துப் பேர் கொண்ட கூட்டம் என்றால் குறுக்குவழியை எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

திரும்பும் நேரத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள். குரௌடன் டவரை விட்டு 75 நிமிடத்தில் ஆற்றைத் தொடவில்லையென்றால் தேடிக்கொண்டு திரிய வேண்டாம். முதல் பாதியில் இருப்பதாகத் தோன்றினால் நேர் தெற்கே போங்கள், தெற்கு விளிம்புப் பாதை குறுக்கே வரும். பாதியைத் தாண்டியிருந்தால் நேர் மேற்கே, பெனைன் வே பாதையே குறுக்கே வரும், எப்படியும் ஒன்றரைக் கிலோமீற்றருக்குள். ஆனால் புகாரில் மேற்கே போகும்போது தேய்ந்த தடம் காலில் பட்டதும் நின்றுவிடுங்கள். அதற்கு அப்பால் பாறை விளிம்பு, அருவிப் பக்கம் 30 மீற்றர் விழும். டவர் அடியில் நிற்கும்போதே புகார் இறங்கி இருநூறு மீற்றர் தெரியவில்லையென்றால் குறுக்குவழியை அங்கேயே விடுங்கள். விளிம்புப் பாதையால் மேற்கே நடந்தால் பிம் செயர், நோ ஸ்ரூல் பாறைகளைக் கடந்து ஜேக்கப்ஸ் லாடரின் தலைப்பில் பெனைன் வேயோடு சேரலாம். இழப்பு மிகக் குறைவு.

கருவி பற்றி யாழ்ப்பாணத்தில் இருந்து போகிறவர் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்று. திசைகாட்டியை இங்கே வாங்கிக்கொண்டு போகாதீர்கள். பூமியின் காந்தப்புலம் நம் பக்கத்தில் ஏறக்குறையக் கிடையாக இருக்கும். காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனைப்பக்கமாகப் போகிறது. இங்கிலாந்தில் அதே புலம் 65 பாகைக்கு மேல் நிலத்துக்குள் சாய்கிறது. நடுக்கோட்டுப் பகுதிக்குச் சமன் செய்த ஊசி அங்கே ஒரு முனை தாழ்ந்து, கூட்டின் அடியில் உரசி, சிக்கி நின்று பிழையான வடக்கைக் காட்டும். திசைகாட்டி சில்வா நிறுவனத்தது என்றால் எம்என் குறி, சூன்ரோ நிறுவனத்தது என்றால் என்ஹெச் குறி உள்ளதைத் தம்பி தங்கைமாரை அங்கே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பழைய நூல்கள் கட்ட வடக்குக்கும் (வரைபடக் கோடுகள் காட்டும் வடக்கு) காந்த வடக்குக்கும் (ஊசி காட்டும் வடக்கு) இடையே சில பாகை கூட்டச் சொல்லும். இப்போது அந்தப் பகுதியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டதால் திருத்தம் தேவையில்லை.

கைத்தொலைபேசியில் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வைத்திருங்கள், ஆனால் இடம் சரிபார்க்க மட்டும் பாவியுங்கள். அது காட்டும் நேர் அம்பைத் தொடர்ந்தால் ஆக மோசமான கிரஃப்களைக் குறுக்காகக் கடப்பீர்கள். குளிரில் மின்கலமும் கெதியாக இறங்கும், உள்சட்டைப் பையில் உடம்போடு வைத்திருங்கள்.

பயிற்சிக்கு மலை இல்லையே என்று யோசிக்க வேண்டாம். திசைக்கோண நடைக்கு மலை தேவையில்லை, அடையாளமில்லாத வெளிதான் தேவை, அது எங்களிடம் தாராளமாக இருக்கிறது. வடமராட்சியில் மணற்காட்டு மணற்குன்றுகள் மிக நல்லவை: கால் புதையும், ஏறி இறங்க வேண்டும், இரண்டு குன்றுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. முதலில் ஒரு தெருவில் 100 மீற்றர் அளந்து, இடது கால் நிலம் தொடுவதை மட்டும் எண்ணுங்கள். பெரும்பாலானோருக்கு 60க்கும் 70க்கும் இடையில் வரும். பிறகு அதே 100 மீற்றரை மணலில் எண்ணுங்கள், பத்துப் பதினைந்து கூடும். பீற்றில் இன்னும் கூடும். கல்லுண்டாய் வெளியில் தனித்து நிற்கும் ஒரு பனையைக் குறித்துக்கொண்டு, 500 மீற்றர் தள்ளிப் போய், கோணம் எடுத்து, தொப்பியின் விளிம்பைத் தாழ்த்திக் காலடி மட்டும் தெரியும்படி நடந்து, எவ்வளவு விலகினீர்கள் என்று பாருங்கள். அந்த விலகல்தான் உங்கள் கை எத்தனை பாகை பிழைக்கும் என்பதற்கு அளவு. முகமாலைப் பக்கமும் மிதிவெடிக்குச் சிவப்புப் பலகை நட்ட எந்தக் காணியும் இந்தப் பயிற்சிக்கு உரியதல்ல, அகற்றி முடிந்தது என்று ஊரார் சொன்னாலும் பாதையை விடாதீர்கள். ஏற்றத்துக்கு ஏதாவது மாடிப்படியில் பத்துக் கிலோப் பையோடு ஏறி இறங்குங்கள். 390 மீற்றர் ஏற்றம் என்பது மூன்று மீற்றர் மாடி 130 தடவை. இரண்டு மாதத்தில் மெல்ல மெல்ல அதன் பாதிக்கு வந்தால் காணும்.

குளிரை எங்கள் ஆட்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். செப்ரெம்பரில் அந்த மேட்டில் வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழே போவது சாதாரணம், அதோடு காற்றும் மழையும் சேர்ந்தால் முப்பது பாகைக்குப் பழகிய உடம்பு ஒரு மணி நேரத்தில் தளரும். பருத்தி உடுப்பும் ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் காயாது. உடம்போடு ஒட்டிய செயற்கைநூல் அல்லது கம்பளிச் சட்டை, அதன்மேல் ஃபிளீஸ், அதன்மேல் மழைக்கோட்டும் மழைக்காற்சட்டையும். கணுக்காலை மூடும் சப்பாத்து, சேறு புகாமல் முழங்கால்வரை உறை, கையுறை, கம்பளித் தொப்பி, ஆளுக்கு ஒரு ரோச், ஒரு விசில். பையின் உள்ளே எல்லாவற்றையும் தடித்த பொலித்தீன் பைக்குள் போட்டு முறுக்கிக் கட்டுங்கள். சாப்பாட்டுக்குப் பனங்கட்டி, எள்ளுருண்டை, கச்சான் மூன்றையும் விடச் சிறந்தது அங்கே விற்பதில் குறைவு. லண்டன் தமிழ்க் கடைகளிலேயே எடுக்கலாம். உட்கார்ந்து சாப்பிட நேரம் வைக்காமல் ஒவ்வொரு மணிக்கும் ஒரு கை போடுங்கள். கூட வருபவர் தடுமாறத் தொடங்கினால், வார்த்தை குழறினால், கையால் சிப் இழுக்க முடியாமல் தவித்தால் அது களைப்பில்லை, உடற்சூடு இறங்குகிறது. அங்கேயே நிறுத்தி, காற்று மறைந்த கிரஃபுக்குள் இறக்கி, காய்ந்த உடுப்பு மாற்றி, இனிப்புக் கொடுத்து, மிகக் குறுகிய வழியால் கீழே கொண்டுபோங்கள்.

உதவிக்கு 119 இல்லை, 999. 112 அழுத்தினாலும் அங்கேதான் போகும். முதலில் பொலிஸ் என்று கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். அம்புலன்ஸ் என்று மட்டும் கேட்டால் தெருவுக்குத்தான் வரும். மீட்புக் குழுவினர் தொண்டர்கள், காசு வாங்குவதில்லை. மேட்டில் சில இடங்களில் அழைப்புப் போகாது, குறுஞ்செய்தி போகும். இங்கிலாந்து சிம்மிலிருந்து பயணத்துக்கு முன்பே 999க்கு ரெஜிஸ்ரர் என்ற ஆங்கிலச் சொல்லை அனுப்பிப் பதிந்து வையுங்கள். விசில் என்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு தடவை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதில் மூன்று தடவை வரும். அதன்பிறகும் உங்களை வந்து அடையும்வரை ஊதிக்கொண்டிருங்கள்.

வெளிச்சக் கணக்கு: எங்களுக்கு ஆண்டு முழுவதும் பொழுது ஆறு மணியை ஒட்டியே படும். அங்கே செப்ரெம்பர் நடுவில் ஏழேகால் தாண்டிப் படும். பயணம் ஒக்ரோபர் கடைசிக்குத் தள்ளிப்போனால் கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளிவிடுவார்கள், ஐந்து மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கும். அந்த மாதத்தில் 26 கிலோமீற்றர் நாளில் குறுக்குவழியைச் சேர்க்கவே கூடாது. செப்ரெம்பரில் காலை எட்டுக்கு ஈடேலை விட்டால், இளைப்பாறுதலும் சேர்த்து மாலை ஆறு ஆகும், கைவசம் ஒரு மணி நேரம்தான் மிஞ்சும். குறுக்குவழி அதில் பாதியைத் தின்னும்.

அடுத்து வரும் பிளீக்லோ மேட்டிலும் வெட்டலாமா என்று தோன்றும். வேண்டாம். கின்டரில் உங்களைக் காப்பது நடுவால் ஓடும் ஒரே ஆறு. பிளீக்லோவின் மேற்பரப்பில் கிரஃப்கள் நாலாபக்கமும் போகின்றன, பிடித்துக்கொண்டு போக அப்படி ஒன்று இல்லை. அங்கே குறிக்கப்பட்ட பாதையிலேயே நில்லுங்கள்.

நாளைச் சுருக்குவதுதான் நோக்கம் என்றால் வழி வேறு. டவுன்ஃபோலுக்குப் பிறகு பாதை மில் ஹில், ஃபெதர்பெட் மொஸ் வழியாகப் பழைய ஆலைகளின் கற்பலகைகள் பதித்த தடத்தில் போய், ஸ்னேக் பாஸ் என்ற ஏ57 வீதியைக் கடக்கிறது. ஈடேலிலிருந்து அது 15, 16 கிலோமீற்றர். மூவரில் ஒருவர் நடக்காமல் காரோடு அங்கே வந்து ஏற்றினால், அன்று அவ்வளவோடு நிறுத்தி, மறுநாள் காலை அதே இடத்திலிருந்து பிளீக்லோவைக் கடக்கலாம். அப்படிப் பிரித்தால் முதல் நாளில் கின்டர் நடுமேட்டுக்கும் அவசரமில்லாமல் நேரம் கிடைக்கும். மண்சரிவாலும் பனியாலும் அந்த வீதியை இடையிடையே மூடுவார்கள், முதல் நாளே பாருங்கள். தரிக்க இடமும் குறைவு. வீதியில் அழைப்பு வராமல் போகலாம் என்பதால், மாலை மூன்றரை மணிக்குச் சந்திப்பு, ஐந்தரைவரை வராவிட்டால் 999க்கு அழைப்பது, மேட்டில் பின்வாங்கினால் ஈடேல் றெயில் நிலையத்துக்கே திரும்பி வந்து அங்கிருந்து அழைப்பது என்று மூன்றையும் காரில் இருப்பவர் கையில் எழுதிக் கொடுத்துவிட்டு ஏறத் தொடங்குங்கள்.